சீட் கிடைக்காத வருஷத்தில் கை சும்மா இருக்கக் கூடாது

(பல் மருத்துவப் படிப்பு, வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கல்லூரியில் பல காலம் பாடம் நடத்தி இப்போது ஈரோட்டில் கிளினிக் நடத்தும் டாக்டர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.டி.எஸ். முடித்துப் பயிற்சி வருடமும் முடித்துவிட்டேன். ஆர்த்தோ (பல் வரிசையைச் சீராக்கும் துறை), இல்லாவிட்டால் எண்டோ (வேர் சிகிச்சைத் துறை) படிக்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. பல் மருத்துவ முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் எம்.டி.எஸ்.ஸை இந்த முறை இரண்டாவது தடவையாக எழுதினேன். தகுதி பெற்றுவிட்டேன், ஆனால் கேட்ட துறை எந்தச் சுற்றிலும் வரவில்லை. கடைசிச் சுற்றில் ஓரல் பத்தாலஜி (வாய் நோய்த் திசுக்களை ஆராயும் துறை) கிடைக்கும் என்றார்கள், நான் விருப்பப் பட்டியலில் அதைச் சேர்க்கவே இல்லை. ஒரு வருடமாகக் கோவையில் விடுதியில் தங்கிக் கோச்சிங் போனேன். கிளினிக் பக்கமே போகவில்லை. அப்பா கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைக்கிறார். "இன்னொரு வருஷம் படி சாமி, நான் பாத்துக்கறேன்" என்கிறார். அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார். கூடப் படித்தவர்கள் வெள்ளைக் கோட்டில் போட்டோ போடுவதைப் பார்த்தால் தூக்கம் வருவதில்லை. மூன்றாவது முறை எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், பெருந்துறை வட்டம்

பதில்: அம்மிணி, உங்க கடிதத்துல ஒரு வரி என்னை உறுத்திட்டே இருக்கு. 'கிளினிக் பக்கமே போகவில்லை.' சீட் கிடைக்காததுகூட எனக்குப் பெருசாத் தெரியலைங்க. இதுதான் வெசனமா இருக்கு.

நம்ம தொழில் கையில இருக்கு. பல்லைக் குடையற ஏர்ரோட்டரை ஒரு வருஷம் தொடலைன்னா விரல் தயங்கும். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுல வேர் சிகிச்சைக்குத் திறந்தா, மூணு கால்வாய் சுலபமாக் கிடைச்சுடும். நாலாவதை, நாம எம்பி2ன்னு சொல்றதை, சின்னக் கண்ணாடியில தலைகீழாப் பார்த்துத் தேடணும். அந்தப் பார்வை புத்தகத்துல வராது. கல்லூரியில முதுநிலை முதல் வருஷம் வந்து சேர்ற பிள்ளைகளைப் பார்த்த சில நாள்லயே எனக்குத் தெரிஞ்சுடும், இது கிளினிக்ல உக்காந்துட்டு வந்த பிள்ளை, இது அறையைச் சாத்திட்டுப் படிச்சுட்டு வந்த பிள்ளைன்னு. ரேங்க் பிரமாதமா இருக்கும். கிரௌனுக்கு, அதாவது பல்லு மேல மாட்டற உறைக்கு, பல்லைச் செதுக்கச் சொன்னா விளிம்பு எங்க நிறுத்தறதுன்னு திணறுவாங்க. ஆறு மாசத்துல கை வந்துடும்னு சொல்லலாம். அந்த ஆறு மாசமும் யாரோ ஒருத்தரோட பல்லுலதானே கத்துக்கறாங்க?

அதனால என் பதில் இதுதான். எழுதுங்க, இன்னும் ஒரே ஒரு தடவை. ஆனா விடுதிக்குத் திரும்பிப் போக வேண்டாம். ஊர்ல இருந்துட்டே ஒரு கிளினிக்ல சேர்ந்துட்டு எழுதுங்க.

'வேலைக்குப் போனா எப்படிப் படிக்கறது'ன்னு உடனே கேப்பீங்க. தேர்வு எப்படி இருக்குன்னு சித்த நேரம் நிதானமாப் பாருங்க. 240 கேள்வி, 960 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் பகுதியில 100 கேள்வி: அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஃபார்மகாலஜி, டென்டல் மெட்டீரியல்ஸ் மாதிரி அடிப்படைப் பாடம். ரெண்டாவது பகுதியில 140: நோயாளி பக்கத்துப் பாடம். இந்த 140க்குக் கிளினிக் எதிரி இல்லைங்க. மத்தியானம் ஒரு அம்மா தாடையைப் பிடிச்சுட்டு வந்து, சுடுதண்ணி குடிச்சா வலி, பச்சைத்தண்ணி பட்டா அடங்குதுன்னு சொல்வாங்க. அன்னிக்கு ராத்திரி பல்ப், அதாவது பல்லுக்குள்ள இருக்கற நரம்புச் சதை, அதோட நோய்ப் பாடத்தை எடுத்தா, நீங்க மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை, அந்த அம்மா முகத்தோட அது நிக்கும். பிள்ளைகள் நழுவ விடறது பெரும்பாலும் முதல் 100ல. முதல் ரெண்டு வருஷம் படிச்சுட்டு மூட்டை கட்டி வெச்ச பாடம் அது. அதுக்கு விடியக்காலை அஞ்சுல இருந்து ஒன்பது வரைக்கும் ஒதுக்குங்க. தோட்டத்து வீட்டுல அந்த நேரத்துல எப்படியும் ஆள் எழுந்து விளக்குப் போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு. தேர்வு வாரியம் கொடுக்கற தாள்ல மொத்த மதிப்பெண்ணும் தரவரிசையும்தான் இருக்கும், எந்தப் பாடத்துல எவ்வளவு விட்டீங்கன்னு இருக்காது. அதனால மறுபடி முதல் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் படிக்கக் கிளம்பிடாதீங்க. இந்த மாசமே 240 கேள்வி மாதிரித் தேர்வு ஒண்ணை, கடிகாரம் வெச்சு, அலைபேசியை அம்மாகிட்டக் கொடுத்துட்டு எழுதுங்க. தப்பான கேள்வியை எல்லாம் பாடவாரியா ஒரு நோட்டுல பிரிங்க. தெரியாம விட்டது, தெரிஞ்சும் குழம்பி விட்டது, பயந்து காலியா விட்டதுன்னு அதையும் மூணாப் பிரிங்க. மூணாவது வகை அதிகமா இருந்தா அதைச் சரி பண்றது சுலபம். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. நாலு விடையில ரெண்டு நிச்சயமாத் தப்புன்னு தெரிஞ்சா, மீதி ரெண்டுல ஒண்ணைக் குறிச்சா சராசரியாக் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் சேரும். அப்படிப்பட்ட 30 கேள்வியைப் பயந்து விட்டா 45 மதிப்பெண் போச்சு. நீங்க கேக்கற துறைக்கும் கிடைக்கும்னு சொன்ன துறைக்கும் நடுவுல இருக்கற தூரத்துல 45 மதிப்பெண் சின்னது இல்லை.

கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கறதுலதான் ரொம்பக் கவனம் வேணும். பெயர்ப்பலகை பெருசா இருக்கற இடம் வேண்டாம். போய் உக்காந்து, கூச்சப்படாம மூணு விஷயம் கேளுங்க. பெரிய டாக்டர் உங்க பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பாரா? வேர் சிகிச்சைக்கு ரப்பர் டேம், அதாவது எச்சில் படாம பல்லை மட்டும் பிரிச்சுக் காட்டற ரப்பர் ஷீட், போடறாங்களா? ஆர்த்தோ, வாய் அறுவை கன்சல்டன்ட்டுங்க எந்தக் கிழமை வர்றாங்க? ரப்பர் டேம் போடற கிளினிக்னா மத்ததும் ஓரளவு ஒழுங்கா இருக்கும், என் அனுபவத்துல அது தப்பினதே இல்லை. வெறும் கிளீனிங் மட்டும் பண்ணச் சொல்லி, சக்‌ஷன் பிடிக்க வெக்கற இடத்துல ஒரு மாசத்துக்கு மேல இருக்காதீங்க. நம்ம பக்கம் புதுசா முடிச்ச பி.டி.எஸ்.க்குச் சம்பளம் கம்மிதான், மறைக்க ஒண்ணும் இல்லை. இந்த வருஷத்துக்குக் காசை விடக் கையில சேர்ற வேலை முக்கியம். காலையில பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் வர்றேன், தேர்வுக்கு மூணு மாசம் முன்னால நின்னுக்குவேன்னு முதல் நாளே சொல்லிடுங்க. பாதியில சொல்றதுதான் அவங்களுக்குக் கஷ்டம்.

அதோட சேருறதுக்கு முன்னாடி தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில்ல நிரந்தரப் பதிவை முடிச்சுட்டீங்களான்னு பாருங்க. கோச்சிங் மும்முரத்துல அதை அப்படியே விட்டுடற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கேன்.

ஆர்த்தோ கன்சல்டன்ட் வர்ற நாள்ல கட்டாயம் கூட நில்லுங்க. கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. பதினஞ்சு வயசுப் பையன் பல்லுல கம்பிக்கு ஒட்டின பிராக்கெட்டை உடைச்சுட்டு வந்து நிப்பான், மறுபடி ஒட்டணும். செபலோகிராம்ங்கற தலையோட பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து கோணம் கோணமா அளக்கணும். ரெண்டு வருஷம் மாசாமாசம் அதே முகத்தைப் பார்த்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததுக்குச் சந்தோஷப்படணும். அந்த நிதானம் உங்களுக்குப் பிடிக்குதான்னு பாருங்க. எண்டோ உங்க ரெண்டாவது விருப்பம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத வேலைங்க. ஒண்ணுல மாசக்கணக்குல காத்திருக்கணும், இன்னொண்ணுல வலியோட வந்த ஆளை அன்னிக்கே நிம்மதியா அனுப்பணும். 'ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி'ன்னா, நீங்க இன்னும் துறையைத் தேர்ந்தெடுக்கலை, மவுசை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கீங்கன்னு எனக்குத் தோணுது. கோவிச்சுக்காதீங்க கண்ணு. கிளினிக்ல ஒரு வருஷம் இருந்தா இது தன்னால தெளிஞ்சுடும்.

ஓரல் பத்தாலஜியைப் பட்டியல்ல சேர்க்காம விட்டதைப் பத்தி ஒரு வார்த்தை. அதுல மனசு இல்லைன்னா எடுக்காம விட்டது சரி. எம்.டி.எஸ்.ங்கற மூணு எழுத்துக்காக 3 வருஷத்தைக் கொடுக்கக் கூடாது. ஆனா பார்க்காமலே ஒதுக்கினீங்களோன்னுதான் கேக்கறேன். விசைத்தறியிலயும் சாயப்பட்டறையிலயும் ராத்திரி ஷிஃப்டுக்குப் புகையிலையை ஒதுக்கி வெச்சுட்டு வேலை பார்க்கற மனுசங்க எத்தனை பேர் நம்ம பக்கம்? அவங்க கன்னத்துல வெள்ளையாப் படர்ந்தது சும்மா தழும்பா, புத்து நோயோட ஆரம்பமான்னு ஸ்லைடுல பார்த்துச் சொல்றவங்க இந்தத் துறைக்காரங்கதான். தெரிஞ்ச கல்லூரியில கேட்டு ஒரு நாள் மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து பாருங்க. அப்பவும் பிடிக்கலைன்னா மனசார வேண்டாம்னு சொல்லலாம். அடுத்த வருஷம் கடைசிச் சுற்றுல பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விதிக் கையேட்டை வரி விடாமப் படிங்க. ஒதுக்கின இடத்துல சேராம விட்டா வைப்புத்தொகை போறதோட, அடுத்த தேர்வுக்குத் தடை வர்ற விதியும் உண்டு.

வேற கதவுகளையும் தட்டி வையுங்க. எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. மாதிரி இடங்களுக்கு ஐ.என்.ஐ. செட் தனித்தேர்வு, வருஷத்துக்கு 2 தடவை. இடம் ரொம்பக் கொஞ்சம், ஆனா உங்க படிப்பு அதுக்கும் உதவும். ராணுவப் பல் மருத்துவப் பிரிவோட குறுகிய காலப் பணிக்கு நீட் எம்.டி.எஸ். எழுதினவங்கதான் விண்ணப்பிக்க முடியும், அதனால உங்க மதிப்பெண் தாள் இப்பவே அங்க செல்லும். மாநில அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட அறிவிப்பு எப்பவாவதுதான் வரும், வந்தா விட்டுடாதீங்க.

அம்மாவோட ஜாதகக் கட்டு. அம்மாவைத் தப்பாச் சொல்ல மாட்டேன், அவங்க கவலை அவங்களுக்கு. நல்ல இடம் வந்தா பாக்கட்டும். 'சீட் கிடைக்கலை, அதனால கல்யாணம்'ங்கற பேச்சை மட்டும் வீட்டுல யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லிடுங்க. வர்ற மாப்பிள்ளை வீட்டுலயும், இவ அடுத்த தடவை தேர்வு எழுதுவா, கிடைச்சா 3 வருஷம் படிப்பான்னு பூ வெக்கறதுக்கு முன்னாடியே பேசி வெக்கணும். தட்டு மாத்தின பின்னாடி பேசினா அது சண்டையாத்தான் முடியும்.

வெள்ளைக் கோட்டு போட்டோ போட்ட தோழிகள்ல ஒருத்தருக்குப் போன் போட்டுப் பேசுங்க. முதல் வருஷ முதுநிலை எப்படி இருக்குன்னு கேளுங்க. ஆய்வுத் தலைப்பு, வார்டு, செமினார், சீனியரோட ஏச்சு எல்லாம் சொல்வாங்க. போட்டோவைப் பார்த்துட்டுத் தூங்காம இருக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்த தடவையும் வரலைன்னா? நாலாவதுக்கு நான் சம்மதிக்க மாட்டேங்க. அப்ப உங்க கையில ஒரு வருஷ வேலை இருக்கும், நல்ல பொதுப் பல் மருத்துவரா நிக்கலாம். சிவகிரி, கொடுமுடி, அந்தியூர், வெள்ளகோவில்னு எத்தனை ஊர்ல இருந்து பஸ் ஏறி ஈரோட்டுக்கு என்கிட்ட வர்றாங்க. போர்வெல் தண்ணியில ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு தர அளவு இருக்கு. கொங்கு நாட்டுல அதைத் தாண்டற ஊர் பல உண்டு. அங்க பிறந்த பிள்ளைக முன்பல்லுல பழுப்புக் கறையோட, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்குது. பல்லு மேல்பரப்பை மெல்லத் தேய்க்கற மைக்ரோ அப்ரேஷன்ல கறையை எடுக்கறதும், தேவைப்பட்டா பல்லு நிறத்துக் காம்போசிட் வெக்கறதும் பி.டி.எஸ். படிச்ச கை பண்ணற வேலைதான். கைக்குழந்தை இருக்கற தாய்க்கு எந்தத் தண்ணியில சமைக்கணும்னு சொல்றதும் அதே டாக்டர்தான். அப்படி ஒரு டாக்டர் நம்ம ஊர்களுக்கு வேணும்னு நான் மனசார நினைக்கறேன். ஆறுதலுக்காகச் சொல்லலை.

கேள்வி: வணக்கங்க. என் மகன் பி.டி.எஸ். முடித்து நீட் எம்.டி.எஸ்.ஸில் தகுதி பெற்றான், அரசு ஒதுக்கீட்டில் இடம் இல்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆர்த்தோ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அடுத்த வருடத்துக்கு இப்போதே முன்பணம் கேட்கிறார். நாலு ஏக்கர் காடு இருக்கிறது, கொடுத்துவிடலாமா?
- விவசாயி, காங்கேயம்

பதில்: அண்ணா, கொடுக்காதீங்க. காட்டையும் கொடுக்காதீங்க, முன்பணத்தையும் கொடுக்காதீங்க.

தமிழ்நாட்டுல தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தையும் கீழ்ப்பாக்கத்துல இருக்கற தேர்வுக்குழுதான் கலந்தாய்வு வெச்சு, நீட் தரவரிசைப்படி ஒதுக்குது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடத்துக்கு டெல்லிக் கலந்தாய்வு. அடுத்த வருஷத் தேர்வை உங்க மகன் இன்னும் எழுதவே இல்லை. எழுதாத தேர்வோட ரேங்குக்கு இன்னொருத்தர் எப்படி இடம் வாங்கித் தர முடியும்? அந்த ஆள் அடுத்த தடவை வந்தா, இடம் ஒதுக்கற அதிகாரம் அவருக்கு எங்க இருந்து வந்துதுன்னு ஒரு காகிதம் காட்டச் சொல்லுங்க.

நேர் வழியில நிர்வாக ஒதுக்கீட்டுல கிடைச்சாலும் கணக்குப் போடுங்க. கட்டண நிர்ணயக் குழு சொன்ன வருஷக் கட்டணத்தை மூணால பெருக்குங்க, விடுதி, புத்தகம், கருவி, ஆய்வுச் செலவு சேருங்க, கடன்னா வட்டி சேருங்க. படிச்சு வந்த உடனே ஆர்த்தோ டாக்டருக்குத் தனி கிளினிக் ஓடாது. முதல் சில வருஷம் காங்கேயம், தாராபுரம், பல்லடம்னு மத்தவங்க கிளினிக்குக்குக் கன்சல்டன்டா ஓடணும். அந்த வருமானத்துல கடன் அடைபடுமான்னு, அப்படி ஓடிட்டு இருக்கற இளம் டாக்டர் ஒருத்தரையே நேர்ல கேளுங்க. அடைபடும்னா வங்கிக் கல்விக் கடனை யோசிக்கலாம். காட்டை அடமானத்துக்குக்கூடக் கொண்டு போக வேண்டாம்ங்கறது என் கருத்து.

கடிதம் முழுக்கத் தேடினேன், உங்க மகன் என்ன சொல்றான்னு ஒரு வரிகூட இல்லை. அவனை உக்கார வெச்சுக் கேளுங்க. அப்பா காட்டை வித்துப் படிச்சோம்ங்கற பாரத்தோட அந்தப் பையன் மூணு வருஷம் எப்படிப் படிப்பான்னு எனக்கு நெனைக்கவே கஷ்டமா இருக்கு.

கேள்வி: என் மகள் இங்கே பி.டி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மறுபடி படித்து டி.டி.எஸ். என்ற அங்குள்ள பல் மருத்துவப் பட்டம் வாங்கப் போகிறாள். அங்கே ஆர்த்தோ ரெசிடென்சிக்கு (முதுநிலைப் பயிற்சி) விண்ணப்பித்தாள், இடம் ஒதுக்கும் மேட்ச்சில் இடம் வரவில்லை. திரும்பி வரச் சொல்லட்டுமா?
- ஒரு தாய், கோவை

பதில்: அவசரப்பட்டு வரச் சொல்லாதீங்கம்மா. அங்க மேட்ச் முடிஞ்ச பின்னாடி நிரம்பாத இடங்களோட பட்டியல் வரும், அந்தக் கல்லூரிகளுக்கு நேரடியா எழுதலாம். அதுலயும் வரலைன்னா, மருத்துவமனையில செய்யற ஜி.பி.ஆர்., இல்லைன்னா ஏ.இ.ஜி.டி.ன்னு பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சி இருக்கு. பெரும்பாலும் ஒரு வருஷம், பல இடத்துல உதவித்தொகையும் உண்டு. நியூயார்க் மாநிலத்துல உரிமம் வாங்கவே அப்படி ஒரு வருஷ ரெசிடென்சி கட்டாயம். அந்த ஒரு வருஷத்துல கிடைக்கற அனுபவமும் பரிந்துரைக் கடிதமும் அடுத்த ஆர்த்தோ விண்ணப்பத்துக்கு நேரா உதவும். நேர்காணலுக்குக் கூப்பிட்டு எடுக்காம விட்ட இடங்களுக்கு, என்ன குறைன்னு பணிவா ஒரு கடிதம் போடச் சொல்லுங்க. சிலர் பதில் தருவாங்க, வர்ற ஒரு பதிலும் போதும்.

மாணவர் விசாவுல இருந்தா படிப்பு முடிஞ்ச பின்னாடி வேலை அனுமதி பல் மருத்துவத்துக்குப் பொதுவா 12 மாசம்தான். அது எந்தத் தேதியில ஆரம்பிக்கணும், ரெசிடென்சி வருஷத்தோட எப்படிப் பொருத்தறதுன்னு கல்லூரியில வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துல இந்த வாரமே கேக்கச் சொல்லுங்க. பட்டமளிப்பு முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.